வேலூரிலிருந்து ஒரு கைப்பிரதியைப் பதிப்பகத்துக்கு அனுப்புதல்

தமிழில் நாவலோ சிறுகதைத் தொகுப்போ எழுதி முடித்தவர், எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் பேசும் இலக்கிய முகவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ்ப் பதிப்புலகில் அப்படியொரு வழக்கம் ஏறக்குறைய இல்லை. சிறு பதிப்பகங்கள் பலவற்றில் பிரதியை வாசிப்பவரும், வெளியிடலாமா என்று முடிவெடுப்பவரும், புத்தகக் காட்சி அரங்கில் பில் போடுபவரும் ஒருவராகவே இருப்பார். ஆகவே, கேட்காமல் வந்தது என்பதற்காக மட்டும் ஒரு பிரதி தள்ளப்படுவது குறைவு. பொருந்தாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் தள்ளப்படுவதே அதிகம்.

எனவே, பதிப்பகத்தைத் தேர்வதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வேலூர் மாவட்ட மைய நூலகத்துக்குச் சென்று, உங்கள் நூலின் வகையைச் சேர்ந்த, அண்மையில் வெளிவந்த புத்தகங்களை எடுத்து, பதிப்பு விவரம் அச்சிட்டிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். வெளியிட்டவர் யார், எந்த ஆண்டு, முதற்பதிப்பா மறுபதிப்பா, மின்னஞ்சல் முகவரி எது என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். அந்தப் பதிப்பகம் புதியவர்களின் முதல் நூலை வெளியிடுகிறதா, பெயர் பெற்றவர்களோடு நின்றுவிடுகிறதா என்பதையும் அதன் நூற்பட்டியலிலிருந்து அறியலாம். சென்னையை மட்டுமே நினைக்க வேண்டாம்: காலச்சுவடு நாகர்கோவிலிலும், எதிர் வெளியீடு பொள்ளாச்சியிலும் இருக்கின்றன, 1989 வரை நம் வட ஆர்க்காடு மாவட்டத்தோடு சேர்ந்திருந்த திருவண்ணாமலையில் வம்சி இருக்கிறது.

பொங்கலையொட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி நடப்பதால், அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் பதிப்பகத்தார் அச்சகத்துக்கும் அலுவலகத்துக்குமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். பிப்ரவரிக்குப் பிறகு அனுப்புவதே நல்லது.

பிரதி ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துருவில், ஒரே வேர்டு கோப்பாக, பக்க எண்களுடன் இருக்க வேண்டும். ஊரில் டிடிபி கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்துப் பின்னர் மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறிப்போகும், அதைத் திருத்துவதற்குப் பதில் புதிதாகவே அடித்துவிடலாம். முதல் பக்கத்தில் நூலின் பெயர், உங்கள் பெயர், தொலைபேசி எண், மொத்தச் சொற்களின் எண்ணிக்கை ஆகியவை போதும். அட்டைப்படம் வரைந்து இணைக்க வேண்டாம். அணிந்துரை, வாழ்த்துரை என்று உள்ளூர்ப் பிரமுகர்கள் நான்கு பேரிடம் வாங்கி முன்னால் கோத்து அனுப்பும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. வாசிப்பவர் அந்தப் பக்கங்களைத் தாண்டிக் கதைக்கு வருவதற்குள் பாதி பொறுமையை இழந்திருப்பார்.

உடன் அனுப்பும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். எடுத்துக்காட்டாக, இப்படி எழுதலாம்:

“வணக்கம். குடியாத்தத்தில் கைத்தறியை விட்டு விசைத்தறிக்கு மாறிய ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைச் சொல்லும் நாவலை எழுதியுள்ளேன். ஏறக்குறைய 52,000 சொற்கள். உழைப்பாளிகளின் வாழ்க்கை குறித்து நீங்கள் வெளியிட்ட நாவல்களை வாசித்திருப்பதால் உங்களுக்கு அனுப்புகிறேன். ஒரு பக்கக் கதைச்சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் இணைப்பில் உள்ளன. முழுப் பிரதியும் தயாராக இருக்கிறது.”

கதைச்சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். அதை மறைத்து ஆவலைத் தூண்டுவது பின்னட்டைக்குரிய வேலை. இதழ்களில் கதை வந்திருந்தால் ஒரு வரியில் குறிப்பிடலாம். முழுப் பிரதியையே முதலில் கேட்கும் பதிப்பகங்களும் உண்டு என்பதால், அவர்களுடைய இணையதளத்தில் குறிப்பு இருந்தால் அதன்படியே செய்யுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்புவதாக இருந்தால் இருவரிடமும் சொல்லிவிடுவது முறை. மூன்று மாதம் கழித்தும் பதில் வராவிட்டால் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். வாரந்தோறும் தொலைபேசியில் அழைப்பதால் யாரும் வேகமாகப் படிப்பதில்லை.

ஏற்றுக்கொண்டார்கள் என்றால், வாய்ப்பேச்சோடு நிற்காமல் ஒப்பந்தம் கேளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணமே உரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை. அந்த உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், உங்கள் கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் கொள்ளும். ஆகவே அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகிய உரிமைகளில் எதை, எத்தனை ஆண்டுக்குத் தருகிறீர்கள் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். உரிமைத்தொகை (ராயல்டி) பத்து விழுக்காடு என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு; அது நூலின் விலையிலா, கடைகளுக்குத் தரும் கழிவு போக வரும் தொகையிலா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அச்சுச் செலவைக் கொடுங்கள், அல்லது முந்நூறு பிரதிகளை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டால், அது உங்கள் பணத்தில் நடக்கும் வெளியீடு. தெரிந்தே செய்தால் அதில் பிழையில்லை. ஆனால் கணக்குச் சீட்டில், நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தனிக் கட்டணம் போட்டிருந்தால் விளக்கம் கேளுங்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே வழங்குகிறது.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கும், தமிழ் நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்பவர்களுக்கும் முகவர் பயன்படுவார். ஜெய்ப்பூரின் சியாஹி போன்ற நிறுவனங்கள் அந்தப் பணியைச் செய்கின்றன. நூல் விற்று வரும் வருவாயில் பங்கு எடுப்பதுதான் முகவரின் முறை. வாசிப்பதற்கே முன்பணம் கேட்பவரைத் தவிர்த்துவிடுங்கள். அனுப்புவது பிறர் நூலின் மொழிபெயர்ப்பு என்றால், மூல ஆசிரியரிடமிருந்தோ, அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் ஆகியிராவிட்டால் அவருடைய வாரிசுகளிடமிருந்தோ எழுத்துப்பூர்வமான அனுமதி பெற்று, அதன் நகலையும் மூலத்தின் அதே பக்கங்களையும் மாதிரி அத்தியாயங்களோடு சேர்த்து அனுப்ப வேண்டும்.