வட இத்தாலியில் குடும்பத்தோடு இரயில் பயணம்: திட்டமிடும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரிலிருந்து பெரியவர்களையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வோர், நாளுக்கொரு நகரம் என்று ஓடாமல், மிலான், வெரோனா, வெனிஸ் ஆகிய மூன்றில் மட்டும் தங்கி, ஏரிகளுக்குப் பகலில் சென்று திரும்புமாறு திட்டமிடுவதே நலம். பெட்டிகளைச் சுமந்து விடுதி மாறுவதுதான் முதியவர்களை மிகவும் களைப்படையச் செய்கிறது.

மிலான் சென்ட்ராலே நிலையத்தில் வட்டார இரயில் ஏறினால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கோமோ ஏரிக்கரையிலுள்ள வரென்னாவை அடையலாம். அங்கிருந்து படகில் கால் மணி நேரத்தில் பெல்லாஜியோ. அதன் படிக்கட்டுத் தெருக்கள் முழங்கால் வலியுள்ள பாட்டிகளுக்குக் கடினம். அவர்கள் கரையோரமாகவே உலாவட்டும். கார்டா ஏரியின் தென்கரையிலுள்ள பெஸ்கியேரா, மிலான்–வெனிஸ் பாதையிலேயே இருப்பதால் வெரோனாவிலிருந்து சென்றுவருவது எளிது.

அதிவேக இரயில்களுக்கு முன்கூட்டியே பதிந்தால் கட்டணம் பெரிதும் குறையும். நம் நாட்டு ஈ.டி.எஸ். மின்சார இரயிலில் இருப்பதுபோன்ற இருக்கை எண் வட்டார இரயில்களில் கிடையாது என்பதால், சேர்ந்து அமர விரும்புவோர் முன்னதாகவே நடைமேடைக்குச் செல்ல வேண்டும். அவற்றுக்கான தாள் பயணச்சீட்டை ஏறுமுன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரையிடத் தவறினால் அபராதம் உண்டு.

வெனிசுக்குச் செல்வோர், தீவு நகருக்குள்ளேயே உள்ள சாந்தா லூசியா நிலையம் வரை சீட்டு வாங்குங்கள். மெஸ்த்ரே நிலையம் நிலப்பகுதியில் உள்ளது. குளிர்காலத்தில் ஏரிப் படகுகள் குறைக்கப்படுவதால், ஆண்டிறுதியில் செல்வோர் படகு அட்டவணையை முதலில் பார்த்து, அதன்பின் இரயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.