குட்டிகளின் நிறத்தை வைத்து அப்பா யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

எங்கள் வீட்டுப் பூனை கறுப்பு. நெஞ்சிலும் நான்கு பாதங்களிலும் வெள்ளை. போன ஈற்றில் நான்கு குட்டிகள் போட்டாள். மூன்று கடுவன்: பாதம் வெளுத்த கறுப்பு ஒன்று, வெள்ளையே இல்லாத சாம்பல் ஒன்று, உடம்பெல்லாம் பட்டை போட்டது ஒன்று. நான்காவது பெட்டை, கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் அவளிடம் உண்டு. சுவரேறி வந்துபோனவர்கள் இரண்டு பேர்: ஒரு முழுக் கறுப்பு, ஒரு ஆரஞ்சு. மூன்று ஆண் குட்டிகளில் ஒன்றுகூட ஆரஞ்சு இல்லையே என்று ஆரஞ்சுக்காரனை நான் முதல் நாளே விடுதலை செய்துவிட்டேன். தப்பு. எங்கே சறுக்கினேன் என்பது மூன்றாம் படியில் வரும்.

குரோமோசோம், மரபணு எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அதற்குள் போகவில்லை.

படி 1: ஆணா, பெண்ணா?

நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இதை எழுதி வையுங்கள். வாலைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு துளைகளும் கிட்டத்தில் இருப்பது பெட்டை, நடுவே இடைவெளி விட்டிருப்பது கடுவன். இரண்டு குட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டென்று தெரியும்.

படி 2: வெள்ளையை மறைத்துவிடுங்கள்

வெள்ளை ஒரு நிறமே இல்லை. அந்த இடத்தில் நிறம் தரும் செல்கள் இல்லை, அவ்வளவுதான். கருவில் இந்தச் செல்கள் முதுகுப் பக்கம் தோன்றி, பெருகிக்கொண்டே கீழே இறங்கி வரும். கிட் என்ற மரபணுவில் பழைய வைரஸ் ஒன்றின் துண்டு செருகிக்கொண்டிருந்தால், செல்கள் போதிய அளவு பரவாமல் கடைக்கோடி வெறுமையாகிவிடும். கடைக்கோடி என்றால் பாதம், நெஞ்சு, வயிறு. முதுகு மட்டும் வெள்ளையாக, வயிறும் பாதமும் கறுப்பாக ஒரு பூனையை நான் இதுவரை பார்த்ததில்லை. எங்களுடையவளின் முன்னங்காலைப் புரட்டினால் ஒரே மெத்தையில் பாதி கறுப்பு, பாதி இளஞ்சிவப்பு. செல்கள் வந்து நின்ற எல்லை அதுதான்.

இந்த மாற்றம் ஒரு பிரதி இருந்தால் பொதுவாக உடம்பில் பாதிக்கும் குறைவாக வெள்ளை. இரண்டு இருந்தால் அதற்கு மேல். அம்மாவுக்கு ஒன்றுதான் என்பதற்குச் சாம்பல் குட்டியே சாட்சி: இரண்டு இருந்திருந்தால் அவனுக்கும் ஒன்று போயிருக்கும். ஆனால் திட்டின் வடிவத்தை வைத்து ஜாடை பார்க்காதீர்கள். மூக்குக்குக் கீழே அதே மீசை இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் சேராது.

முழு வெள்ளைப் பூனை வேறு விஷயம். அதே மரபணுவின் இன்னொரு மாற்றம், அடியில் இருக்கும் எல்லா நிறத்தையும் மூடிவிடும். அம்மா முழு வெள்ளை என்றால் இந்த முறை உதவாது.

படி 3: ஆரஞ்சுக் கணக்கு

ஆரஞ்சு உண்டா இல்லையா என்பது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. (அங்கே சுமார் 5,000 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு காணாமல் போனதுதான் காரணம் என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் 2025-இல் வெளியிட்டன.) கடுவனுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. அது அம்மாவிடமிருந்து வருவது. அப்பா மகனுக்குத் தருவது ஒய். ஆக, அப்பன் எவ்வளவு பளபளக்கும் ஆரஞ்சாக இருந்தாலும் மகனுக்கு அதில் ஒரு துளி போகாது.

நான் கோட்டை விட்டது இங்கேதான். மகன்களைப் பார்த்து அப்பாவைத் தீர்ப்பளித்தேன். பார்க்க வேண்டியது மகளை.

ஒரு தாள், ஒரு பென்சில் எடுங்கள். இணையத்தில் நிறக் கணிப்பான்கள் கிடைக்கும், எனக்குப் பிடிக்காது. அப்பாவின் நிறத்தைத்தான் முதலில் கேட்கும், நமக்குத் தெரியாததே அதுதான். ஆரஞ்சு எக்ஸை 'ஆ' என்றும் கறுப்பு எக்ஸை 'க' என்றும் எழுதுங்கள். எங்கள் அம்மா பூனை: க, க. ஆரஞ்சு அப்பா: ஆ, ஒய். மகள்கள் எல்லாரும் 'க ஆ', அதாவது இரண்டும் கலந்தவர்கள். மகன்கள் எல்லாரும் 'க ஒய்', ஒருவன்கூட ஆரஞ்சு இல்லை. கறுப்பு அப்பாவாக இருந்தால் மகளிடம் ஆரஞ்சு வர வழியே இல்லை.

சரி, 'க ஆ' ஏன் திட்டுத்திட்டாக இருக்கிறது? பெண் பாலூட்டிகளின் ஒவ்வொரு செல்லிலும் ஏதோ ஒரு எக்ஸ் உறங்கப் போய்விடும் என்று 1961-இல் மேரி லயன் சொன்னார். எந்த இடத்தில் எது விழித்திருக்கிறதோ அந்த நிறம். 2001-இல் டெக்சாஸில் ஒரு மூவண்ணப் பூனையை நகலெடுத்தார்கள். பிறந்த சிசி என்ற குட்டியிடம் ஆரஞ்சே இல்லை.

படி 4: மிச்சம்

சாம்பல் என்பது நீர்த்த கறுப்பு. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வந்தால்தான் வெளியே தெரியும். பட்டைக்கு ஒரு பிரதி போதும். ஆனால் பட்டையில்லாத கறுப்பும் கறுப்பும் சேர்ந்தால் பட்டை வராது. ஆரஞ்சுப் பூனையிடம் எப்படியும் வரி தெரியும் என்பதால், அதன் மரபணுவில் பட்டை உண்டா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

ஆக, இரண்டு பேரில் மூவண்ணக்காரிக்கும் பட்டைக்காரனுக்கும் அப்பா ஆரஞ்சுதான். மற்ற இருவர்? ஒரே ஈற்றில் இரண்டு அப்பாக்கள் இருப்பது பூனைகளிடம் சகஜம். அந்த இருவர் விஷயத்தில் நிறம் வாய் திறக்காது.

பிற்சேர்க்கை 1: "எங்கள் மூவண்ணக் குட்டி கடுவனாக இருக்கிறதே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். முதலில் படி 1-ஐத் திரும்பச் செய்யுங்கள். உண்மையிலேயே கடுவன் என்றால் பெரும்பாலும் இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருக்கும். மிக அபூர்வம், அநேகமாகக் குட்டி உண்டாக்க முடியாது.

பிற்சேர்க்கை 2: சாம்பலாகப் பிறந்த குட்டி சில மாதங்களில் கறுப்பாகிவிட்டது என்று இன்னொருவர் எழுதினார். சினையாக இருக்கும்போது தாய்க்குக் காய்ச்சலோ கடும் அழுத்தமோ வந்தால் குட்டி இப்படி வெளிறிப் பிறப்பதுண்டு. முடியின் நுனிதான் வெளுத்திருக்கும், வேர்ப்பக்கம் உண்மை நிறம் வளர்ந்து வரும். இதைப் படித்ததும் எங்கள் சாம்பலைப் பகல் வெளிச்சத்தில் பிடித்து உட்காரவைத்து, முதுகு முடியை ஊதிப் பிரித்துப் பார்த்தேன். வேர் வரை சாம்பல்தான்.