மிசிசிப்பியில் தெப்பப் பயணம்: செயின்ட் பால் முதல் ஆல்டன் வரை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இட்டாஸ்கா ஏரியில் பிறக்கும் மிசிசிப்பி, மெக்சிகோ வளைகுடாவை அடையும்வரை ஏறத்தாழ 3,770 கிலோமீட்டர் ஓடுகிறது. சொந்தமாகக் கட்டிய தெப்பத்தில் முதன்முறையாக இறங்கும் நண்பர்களுக்கு, செயின்ட் பால் நகரிலிருந்து இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் வரையுள்ள ஆயிரம் கிலோமீட்டரே போதும் என்பது என் கருத்து. செயின்ட் லூயிசுக்குக் கீழே ஓட்டம் கடுமையாகிறது, பெட்ரோல் கிடைக்கும் துறைகள் அரிதாகின்றன, சரக்குப் படகுகள் பன்மடங்கு பெருகுகின்றன.

நாலு பேர் செல்லும் தெப்பத்துக்கு 208 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்கள் பன்னிரண்டு தேவை. ஒரு டிரம் முழுவதும் மூழ்கினால் சுமார் 200 கிலோ எடையைத் தாங்கும். ஆனால் பாதி மூழ்கிய நிலையில்தான் தெப்பம் மிதக்க வேண்டும் என்பதால், பன்னிரண்டுக்கும் சேர்த்து 1,200 கிலோ என்றே கணக்கிடுங்கள். ஆட்கள், மரச்சட்டம், பலகை, மோட்டார், பெட்ரோல், குடிநீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். டிரம்களைப் படுக்கவைத்து, வரிசைக்கு ஆறாக, ஒன்றின் பின் ஒன்றாக நீளவாக்கில் இரண்டு வரிசைகளாக அமைத்தால் தண்ணீரின் எதிர்ப்பு குறையும். மூடிகள் மேற்பக்கம் வரும்படி திருப்பி வைத்து, அவற்றின் ரப்பர் வளையத்தில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். சட்டத்துக்கு ஆணி வேண்டாம்; அலைகளில் ஓயாமல் அசைவதால் ஆணி மெல்லக் கழன்றுவிடும், போல்ட்டும் நட்டும்தான் நிற்கும். டிரம்களைக் கட்ட நைலான் கயிறும் கூடாது, ஏனெனில் அது நனைந்ததும் நீண்டு தளரும். பாலியெஸ்டர் பட்டைகளே நல்லவை.

மேலே கட்டும் குடிலைத் தாழ்வாக வையுங்கள். உயரமான சுவர் பாய்போல் காற்றைப் பிடித்துத் தெப்பத்தைக் கரைக்குத் தள்ளும். அணைகளுக்கு மேலே ஆறு ஏரிபோல் தேங்கி நிற்கிறது. சுமார் 35 கிலோமீட்டர் நீளமுள்ள பெப்பின் ஏரியில் எதிர்க்காற்று வீசினால் துடுப்புகள் மட்டும் போதா. ஆகவே பின்பக்கம் வெளியே மாட்டும், பத்துக் குதிரைத்திறன் அளவிலான அவுட்போர்டு மோட்டார் அவசியம். மோட்டார் வைத்துவிட்டால் தெப்பம் சட்டப்படி படகாகிவிடும்: மாநிலப் பதிவு, ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை, இருட்டில் எரியும் விளக்குகள் ஆகியவற்றைக் கிளம்புமுன் முடித்துக்கொள்ளுங்கள்.

வசந்த கால வெள்ளம் வடிந்தபின், ஜூலை முதல் செப்டம்பர் வரை புறப்படுவது நல்லது. தண்ணீர் ஏறும்போது முழு மரங்களே மிதந்து வரும்.

இந்தப் பயணத்தில் அதிகம் அஞ்ச வேண்டியது பார்ஜ் எனப்படும் தட்டையான சரக்குப் படகுகளின் தொடர்களுக்குத்தான். மூன்று வரிசைகளில் வரிசைக்கு ஐந்தாகப் பதினைந்து பார்ஜ்களை ஒரே இழுவைப்படகு தள்ளிக்கொண்டு வரும். அந்தத் தொடர் முந்நூறு மீட்டர் நீளம் இருக்கும், நினைத்த இடத்தில் அதை நிறுத்த முடியாது, மாலுமிக்கு முன்னால் நெடுந்தூரம் கண்ணுக்குத் தெரியாது. வழிவிட வேண்டியவர் நீங்கள்தான். படகுகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் விஎச்எஃப் ரேடியோவில் 13ஆம் அலைவரிசையில் மாலுமியை அழைத்து, எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று கேளுங்கள். தெளிவாகக் கேட்பவருக்குப் பெரும்பாலும் கனிவான பதிலே கிடைக்கும். படகு வழியின் எல்லையை மிதவைகள் காட்டும்; கீழ்நோக்கிச் செல்லும்போது சிவப்பு மிதவைகள் இடப்பக்கமும் பச்சை மிதவைகள் வலப்பக்கமும் இருக்க வேண்டும். அந்த எல்லையைத் தாண்டிக் கரையோரம் ஒதுங்கினால், ஓட்டத்தை நடு ஆற்றுக்குத் திருப்பப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் கட்டப்பட்ட கல்வரப்புகள் நீருக்குச் சற்றே கீழே மறைந்திருக்கும். அவை எங்கெங்கே உள்ளன என்பதை அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் வரைபடங்கள் காட்டுகின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அவற்றை அச்சிட்டு, நனையாத உறையில் வையுங்கள்.

ஆல்டன் வரை 24 நீர்ப்பூட்டுகளை, அதாவது அணைகளின் அருகே படகுகளைக் கீழ் நீர்மட்டத்துக்கு இறக்கிவிடும் கதவு வைத்த தொட்டிகளை, கடக்க வேண்டும், கட்டணம் இல்லை. பூட்டை இயக்குபவரை 14ஆம் அலைவரிசையில் அழையுங்கள். ரேடியோ பழுதானால், மதில் முனையில் சிறு படகுகளுக்கெனத் தொங்கும் சங்கிலியை இழுங்கள். பார்ஜ்களுக்கே முன்னுரிமை என்பதால், நீண்ட தொடர் ஒன்று இரண்டாகப் பிரிந்து கடக்கும்வரை ஒன்றரை மணி நேரம் காத்திருக்க நேரலாம். பச்சை விளக்கு எரிந்தபின் உள்ளே சென்று, மேலிருந்து தரும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், ஒருபோதும் தெப்பத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். கட்டியிருந்தால் தெப்பம் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். கியோகக்கில் உள்ள 19ஆம் பூட்டு பதினோரு மீட்டருக்கும் மேல் இறக்குவதால், அங்கே இருவர் முனைக்கொருவராகக் கயிறு பிடிப்பது நல்லது.

மாலையில் இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இடம் தேடத் தொடங்குங்கள். தீவுகளுக்குப் பின்னால் உள்ள கிளை வாய்க்கால்களின் மணல்திட்டுகள் ஏற்றவை. முன்பக்கக் கயிற்றை மரத்தில் கட்டி, பின்பக்கம் ஆழத்தில் நங்கூரம் போட்டால், இரவில் கடக்கும் பார்ஜ்களின் அலை தெப்பத்தை மணலில் ஏற்றிவிடாது. இரவு முழுவதும் வெள்ளை விளக்கு எரியட்டும்.

ஆல்டன் படகுத்துறையில் பயணத்தை முடிப்பதற்குக் காரணம் உண்டு. அதற்குக் கீழே செயின் ஆஃப் ராக்ஸ் என்னும் பாறைப் பகுதியில் ஒரு தாழ்ந்த அணை இருக்கிறது. அதைத் தவிர்க்க இடப்பக்கம் பிரியும் கால்வாயைத் தவறவிட்டால் தெப்பம் தப்பாது. துறைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, தெப்பத்தைக் கரையேற்றிப் பிரிக்க அனுமதி பெறுங்கள். ஆற்றில் கைவிட்டுப் போவது குற்றம். கழற்றிய டிரம்களுக்குக் கரையோர வீடுகளில் மிதக்கும் துறை கட்டுவோரிடம் கிராக்கி இருக்கும். மோட்டாரையும் அங்கேயே விற்றுவிட்டால் ஊர் திரும்பும் செலவில் ஒரு பங்கு தேறும்.