நர்சிங் முடித்தவர்கள் வேலை கேட்டு நேரடியாகப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரிண்டெண்டாக இருக்கிறேன். ரிசல்ட் வந்த கையோடு கோபி, தாராபுரம், நாமக்கல் பக்கமிருந்தெல்லாம் போன் வரத் தொடங்கிவிடும். நேரடியாகப் பேசுவது நல்லதுதான். எந்த வார்டில் ஆள் குறைகிறது என்பது ஹெச்.ஆருக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். மரியாதையாகப் பேசுங்கள், பயோடேட்டாவில் பிழை பாருங்கள் என்பதையெல்லாம் கல்லூரியிலேயே சொல்லியிருப்பார்கள். மற்றதுக்கு வருகிறேன்.

மாமாவைப் பேச வைப்பது

"ஏனுங்க மேடம், நம்ம அக்கா பொண்ணுங்க, நர்சு படிச்சிருக்குதுங்க." ஜி.என்.எம். டிப்ளமோவா, பி.எஸ்சி. பட்டமா? தெரியாது. நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தாயிற்றா? "அதெல்லாம் ஆயிருக்குமுங்க." நைட் டியூட்டி? இதற்கு மட்டும் பதில் தயாராக இருக்கும்: "பொம்பளப் புள்ளைங்க, பகல்லயே போட்டுக்குங்க."

ஐ.சி.யு.வுக்கு ஆள் தேடிய சமயம். இப்படி மூன்று பேர் மூலம் சிபாரிசு வந்த பெண், நேர்காணலுக்கும் சித்தப்பாவோடு வந்தாள். வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் முதலில் என்ன செய்வாய் என்றேன். "முதல்ல பேஷண்டைப் பார்ப்பேன் மேடம், அப்புறம்தான் மெஷின்" என்றாள். எனக்குப் பிடித்துப்போனது. அடுத்த கேள்விக்குள் சித்தப்பா புகுந்து நைட் முடியாது என்று சொல்ல, ஹெச்.ஆர். அதை அப்படியே படிவத்தில் எழுதிக்கொண்டார். நைட் இல்லாமல் ஐ.சி.யு. ஏது? வெளியே வந்து, "எனக்கு நைட் பிரச்சினையில்லை மேடம்" என்கிறாள் மெதுவாக. அதை உள்ளே சொல்லியிருக்கக் கூடாதா! தானே போன் செய்து பேசிய வேறொரு பெண்ணுக்கு அந்த இடம் போனது.

சிபாரிசில் வேலை கிடைத்தாலும் நஷ்டம்தான். பெரிய இடத்து ஆள் என்று வார்டு இன்சார்ஜ் திட்ட மாட்டார், தப்பையும் திருத்த மாட்டார். ஆறு மாதம் கழித்தும் கேனுலா (டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகும் சிறு குழாய்) போடக் கை நடுங்கும்.

அப்பா அம்மா ஹாஸ்டல் வசதி, பாதுகாப்பு பற்றிக் கேட்பது நியாயம். அதை வேலை உறுதியான பிறகு கேட்கட்டும்.

காலை எட்டு மணிக்கு அழைப்பது

அது ஹேண்ட் ஓவர் நேரம், ஷிப்ட் முடிப்பவர்கள் அடுத்து வருபவர்களிடம் நோயாளிகளை ஒப்படைப்பார்கள். அப்புறம் ரவுண்ட்ஸ். மதியம் மூன்றுக்கு மேல் பேசுங்கள்.

"எந்த டிபார்ட்மெண்ட் ஆனாலும் சரிங்க"

சரியில்லை. படிக்கும்போது பயிற்சிக்காக எந்தெந்த வார்டில் போஸ்டிங் பார்த்தீர்கள், அதில் எது பிடித்தது என்று சொல்லுங்கள். டயாலிசிஸா, பச்சிளங்குழந்தைகளுக்கான என்.ஐ.சி.யு.வா என்று தெரிந்தால்தான் அந்த இன்சார்ஜிடம் நான் பேச முடியும்.

பதிவு நிலையை மழுப்புவது

தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண் இன்னும் வரவில்லை என்றால், விண்ணப்பித்த தேதியோடு அதைச் சொல்லிவிடுங்கள். சேரும் நாளில் தெரியவந்தால் எனக்குத்தான் தலைவலி.

அரசு மருத்துவமனைக்கும் இதே வழி என்று நினைப்பது

அங்கே சூப்பரிண்டெண்டைப் பிடித்துப் பயனில்லை. நிரந்தரப் பணிக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுத வேண்டும். ஒப்பந்தப் பணிக்கு மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், அதைப் பாருங்கள்.