உருண்டைப் பந்து ஆடிய பிள்ளைகளுக்கு முட்டைப் பந்து பழக்குவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில், முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைத்தும் கையால் குத்தியும் ஆடும் ஆஸ்திரேலியக் காற்பந்து பழக்கப் போகிறீர்களா? முதல் இரண்டு வாரம் யாரையும் பந்தை உதைக்க விடாதீர்கள். தோட்டக் குழுவில் ஸ்டிரைக்கராகப் பேர் வாங்கியவர் பயிற்றுநரானால் முதலில் தன் காலைத்தான் காட்டத் தோன்றும். அங்கேதான் கோளாறு, முதலில் பழக வேண்டியது கை.

ஆஸ்திரேலியக் காற்பந்தில் பேர்போன ரோன் பராசியைப் பாருங்கள். மெல்பர்ன் குழுவின் விளையாட்டாளராக ஆறு முறை கிண்ணம் வென்றவர், 1965-இல் கார்ல்டன் குழுவுக்கு விளையாட்டாளர்-பயிற்றுநராகப் போனார். 1970 இறுதியாட்டத்தின் இடைவேளையில் அவருடைய குழு காலிங்வுட்டை விட 44 புள்ளி பின்தங்கிக் கிடந்தது. உதைப்பதைக் குறைத்துக் கையால் குத்திக் கொடுத்து முன்னேறச் சொன்னார். 111–101 என்று கார்ல்டன் வென்றது.

அந்தக் கைக்குத்து இப்படித்தான். வலது கைப் பழக்கம் என்றால் இடது உள்ளங்கையில் பந்தைப் படுக்க வையுங்கள், கூர்முனை பந்து போக வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும். இடது கால் ஓர் எட்டு முன்னே. வலது கையை முட்டியாக மடக்குங்கள். கட்டைவிரல் வெளியே இருக்கட்டும், உள்ளே மடக்கிக் குத்தினால் சுளுக்கிக்கொள்ளும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் தட்டையான பக்கத்தால், பந்தின் பின்முனைக்குச் சற்றுக் கீழே குத்தி, கையை இலக்கு நோக்கிப் போகவிடுங்கள். எல்லாரும் செய்யும் தப்பு, தாங்கும் கையால் பந்தை மேலே தூக்கிப்போட்டுக் குத்துவது. நடுவர் அதை எறிதல் என்று பிடித்தால் எதிரணிக்கு ஃபிரீ கிக். தாங்கும் கையை இடுப்போடு ஒட்டிவைக்கச் சொன்னால் பாதிப் பேருக்கு அன்றே சரியாகிவிடும்.

மூன்று மீட்டர் தள்ளி நின்று தொடங்கி, கை பழகியதும் ஐந்து மீட்டர். பிறகு 15 மீட்டர் சதுரத்தில் நால்வர் பந்தை வைத்திருக்க, இருவர் பறிக்க வரட்டும். பந்தைக் கொடுத்தவன் நின்ற இடத்திலேயே நின்றால் பந்து எதிரணிக்கு என்று சொல்லிவிடுங்கள், கால் தானாக ஓடும்.

இந்த அளவுக்கு ரக்பி பந்தே போதும். உதைக்கத் தொடங்கும்போது சரியான பந்து வேண்டும்: நீள்சுற்று 720–730 மில்லிமீட்டர், குறுக்குச்சுற்று 545–555, காற்று 62 முதல் 76 கிலோபாஸ்கல். ஊசி போட்ட சைக்கிள் பம்ப் போதும். காற்று அதிகமானால் பிள்ளைகளுக்குக் கால் வலிக்கும், உதைக்கப் பயப்படுவார்கள்.

கையிலிருந்து இறக்கிவிட்டு, தரையைத் தொடுமுன் உதைப்பது டிராப் பண்ட். இந்த உதைக்குப் பந்தைச் செங்குத்தாகப் பிடித்து, உதைக்கும் கால் பக்கக் கையால் இடுப்பு உயரத்திலிருந்து நேராக இறக்கிவிட வேண்டும். பாதத்தின் மேற்பக்கம், விரல் நீட்டியபடி, கீழ்முனையில் படவேண்டும். பந்து பின்பக்கமாகச் சுழன்று போனால் சரி. காற்பந்துப் பிள்ளைகள் பாதத்தின் உட்பக்கத்தால் வளைத்தே பழகியவர்கள், அதனால் பந்து திடலைத் தாண்டிச் செம்பனைக்குள் போய்விடும். திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதன் மேலேயே காலை வீசச் சொல்லுங்கள். அவசரம் வேண்டாம். பராசி பின்னாளில் மெல்பர்னுக்கே பயிற்றுநராகத் திரும்பியிருந்தபோது அந்தக் குழு அயர்லாந்திலிருந்து அழைத்துவந்த ஜிம் ஸ்டைன்ஸும் உருண்டைப் பந்தில் வளர்ந்தவர்தான். வந்தது 1984-இல். பருவத்தின் சிறந்த விளையாட்டாளருக்கான பிரவுன்லோ பதக்கம் கிடைத்தது 1991-இல்.

பந்தோடு ஓடுபவர் 15 மீட்டருக்குள் ஒருமுறை அதைத் தரையில் தட்ட வேண்டும். மேடுபள்ளமான பள்ளித் திடலில் முட்டைப் பந்து எங்கே எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. குனிந்து பந்தைத் தரையில் தொட்டு எடுக்கவும் விதி இடம் கொடுக்கிறது, அதையே பழக்குங்கள்.

உண்மையான ஆடுகளம் 135 மீட்டருக்குக் குறையாத நீள்வட்டம், அணிக்கு 18 பேர். நம் திடலுக்கு அணிக்கு ஒன்பது பேரே நிறைவு. மாலை மழையில் பந்து வழுக்கும்போது உதையை நிறுத்திக் கைக்குத்துக்குத் திரும்புங்கள். இடி கேட்டால் எல்லாரும் கூரைக்குள்.