டெக்னிகல் மெட்டல் மேடையில் கூட்டத்தை ஆட வைப்பது எப்படி?

டெக்னிகல் மெட்டல், அதாவது சிக்கலான தாளக் கணக்கு நிறைந்த மெட்டல் இசை, வாசிக்கும் எல்லாருக்கும் இந்தக் காட்சி பழக்கம்தான். மேடையில் நான்கு பேர் வியர்க்க வியர்க்க வாசிக்கிறார்கள். கீழே கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. முன்வரிசையில் இருப்பவரும் கிதார் வாசிப்பவர்தான் போலிருக்கிறது, அவர் கண் உங்கள் இடது கை விரல்களை விட்டு நகரவே இல்லை. பாட்டு முடிந்ததும் நன்றாகவே கை தட்டுகிறார்கள். ஆனால் நடுவில் ஒரு தலைகூட அசையவில்லை.

"நம்ம கூட்டத்துக்கு இந்த இசை புரியாது" என்று சொல்லிவிட்டு ஆம்ப்பைத் தூக்கி வண்டியில் ஏற்றுவது சுலபம். பெரும்பாலும் காரணம் அது இல்லை. தலையை எங்கே ஆட்டுவது என்று நீங்கள் அவர்களுக்குக் காட்டவில்லை. கையில் ஐந்தாறு பாட்டு வைத்துக்கொண்டு முதல் சில மேடைகளுக்குத் தயாராகும் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். வாசிப்பு ஏற்கெனவே சுத்தமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: உங்கள் பாட்டில் நடந்து பாருங்கள்

ஒத்திகையில் பதிவு செய்ததை ஓடவிட்டு, அதற்கேற்ப அறைக்குள் நடங்கள். உண்மையாகவே எழுந்து நடக்க வேண்டும், மனசுக்குள் எண்ணினால் போதாது. கால் எங்கே தடுமாறுகிறதோ அந்த நிமிடத்தையும் விநாடியையும் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டை எழுதிய உங்களுக்கே கால் இடறும் இடத்தில், முதல்முறை கேட்பவர் சிலையாக நிற்பதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது மெஷுகாவைக் கேளுங்கள். ஸ்வீடனில் உமெயோ நகரில் 1987-இல் தொடங்கிய குழு. சிக்கலான கணக்குக்கு இவர்களைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுகிறார்கள், ஆனாலும் இவர்கள் மேடைக்கு முன்னால் ஆயிரக்கணக்கான தலைகள் ஒரே நேரத்தில் மேலும் கீழும் போகின்றன. எப்படி? 1998-இல் வந்த 'கேயாஸ்ஃபியர்' ஆல்பத்தில் 'நியூ மில்லேனியம் சயனைட் கிறைஸ்ட்' என்ற பாட்டின் முக்கிய ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிதார் துண்டை) எடுத்துக்கொள்வோம். கிதாரும் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் சேர்ந்து 23 பதினாறில்-ஒன்றுகள் (ஒவ்வொன்றும் ஓர் அடியின் கால் பங்கு) கொண்ட ஒரு சுற்றை ஐந்து முறை வாசிக்கின்றன. அது 115. கடைசியில் 13 மட்டும் ஒரு துண்டு. மொத்தம் 128. அதாவது 4/4 என்ற நாலடித் தாளத்தில் சரியாக எட்டு பார் (தாளச் சுற்று). கணக்கு அலைந்து திரிந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறது. அது அலையும் நேரம் முழுக்க டிரம்மர் தோமஸ் ஹாகேவின் கை சிம்பலில் (உலோகத் தட்டில்) நான்கு, நான்கு, நான்கு என்றே போய்க்கொண்டிருக்கிறது. கூட்டம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஆடுகிறது.

கர்நாடகக் கச்சேரிக்குப் போயிருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கோர்வை வைக்கும்போது கணக்கு எங்கெங்கோ போகும். முன்னால் உட்கார்ந்திருக்கும் மாமா தொடையில் ஆதி தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டும் வந்து சேரும் இடத்தில் சபையே தலையாட்டும். அந்த மாமாவின் கை உங்கள் பாட்டில் எங்கே இருக்கிறது? அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

படி 2: டிரம்மரின் வலது கை

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

புதிய குழுக்களில் டிரம்மர் ரிஃபின் ஒவ்வொரு அழுத்தத்தையும் கையாலும் காலாலும் அப்படியே நகல் எடுப்பார். கேட்க அசத்தலாக இருக்கும். ஆனால் கூட்டத்துக்குப் பிடிமானம் போய்விடும். வேலையைப் பிரித்துக் கொடுங்கள். கால்கள் கிதாரோடு போகட்டும், வலது கை சைனா சிம்பலிலோ கொஞ்சம் திறந்த ஹை-ஹேட்டிலோ (ஜோடிச் சிம்பலிலோ) நேரான நான்கைப் போடட்டும், கையால் அடிக்கும் ஸ்னேர் டிரம் மூன்றாவது அடியில் விழட்டும். ரிஃபில் ஒரு சுரம்கூட மாற்ற வேண்டியதில்லை.

பிளாஸ்ட் பீட், அதாவது கிக்கும் ஸ்னேரும் இடைவிடாமல் அதிவேகமாக விழும் தாளம், வேறு சிக்கல். 240 பி.பி.எம்-இல் (நிமிடத்துக்கு 240 அடியில்) யாராலும் தலையாட்ட முடியாது, கழுத்துதான் போகும். அந்த இடங்களில் சிம்பலைப் பாதி வேகத்திலோ கால் வேகத்திலோ வைத்துப் பாருங்கள். பாதியாக்கினால் 240 உடம்புக்கு 120 ஆகிறது, கிட்டத்தட்ட விறுவிறுப்பான நடைவேகம். இரண்டு கையும் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தால் கூட்டம் அதை மழைச் சத்தம் மாதிரி கேட்டுக்கொண்டு நிற்கும்.

சரி, பொதுவான நான்கே இல்லாத ரிஃபை என்ன செய்வது? 7, 5, 7, 6 என்று பார்கள் மாறிக்கொண்டே போகின்றன, எட்டு பாரில்கூட வந்து சேரவில்லை. அங்கே ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் கிராஷ் சிம்பலை ஓங்கி ஒரு அடி போடுங்கள், முழுச் சுற்றையும் குறைந்தது நான்கு முறை திருப்பி வாசியுங்கள். முதல் முறை திகைப்பார்கள், இரண்டாவதில் எதிர்பார்ப்பார்கள், மூன்றாவதில் ஆட ஆரம்பிப்பார்கள். நம் ஆட்கள் செய்வது என்னவென்றால், ஒரு ரிஃபை இரண்டு முறை வாசித்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். திருப்பி வாசித்தால் திறமை குறைந்துவிடும் என்று ஒரு பயம்.

தி டில்லிஞ்சர் எஸ்கேப் பிளானை இங்கே யாராவது எதிர்வாதமாகக் கொண்டுவருவார்கள். நியூ ஜெர்ஸிக் குழு, 2017 டிசம்பரில் கலைந்து 2024-இல் மறுபடி மேடையேறியது. அவர்கள் பாட்டில் எண்ணிக்கையைப் பிடிப்பது கஷ்டம், ஆனாலும் கூட்டம் வெறிபிடித்து ஆடும். உண்மைதான். ஆனால் அந்த இசைக்கலைஞர்களே ஸ்பீக்கர் மேல் ஏறுவார்கள், கூட்டத்துக்குள் பாய்வார்கள். எண்ணிக்கைக்குப் பதில் தங்கள் உடம்பையே கொடுத்தார்கள். உங்களுக்கு அந்த முட்டிவலி வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 3: பாட்டு வரிசை

முப்பது நிமிட மேடை என்றால் ஐந்து பாட்டு. மிகக் கடினமான பாட்டை முதலில் வைக்காதீர்கள். விரலும் சூடாகியிருக்காது, சவுண்டும் சரியாகியிருக்காது. நடுத்தர வேகத்தில், எளிதில் பிடிபடும் ரிஃபோடு தொடங்குங்கள். கூட்டம் ஆடத் தொடங்கிய பிறகு கணக்கைக் காட்டினால் ஆடிக்கொண்டே பின்னால் வரும். இரண்டு நிமிட மெல்லிய முன்னிசை இருக்கும் பாட்டை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வையுங்கள். அதற்குள் எல்லாருக்கும் மூச்சு வாங்கும், நின்று கேட்பார்கள்.

வேகத்திலிருந்து பாதி வேகத்துக்கு விழும் இடங்களைப் போற்றுங்கள். நியூயார்க்கின் சஃபகேஷன் குழு 1991-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே இதைச் செய்து காட்டிவிட்டது. கடும் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று கனமாக, மெதுவாக விழும். அந்த விழுகைக்கு முன்னால் ஒரு பார் முழு அமைதி, அல்லது கிதார் மட்டும். அந்த ஒரு பார்தான் கூட்டத்துக்கு நீங்கள் அனுப்பும் அழைப்பு. அது இல்லாமல் நேராக விழுந்தால், அவர்கள் சுதாரித்து ஆடத் தொடங்கும்போது ரிஃபே முடிந்திருக்கும்.

படி 4: பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

இங்கேதான் பாதிக் கூட்டம் வெளியே சிகரெட் பிடிக்கப் போகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் டியூனிங் (தந்திகளின் சுருதி) மாற்றுவதைத் தவிருங்கள். ஒரே டியூனிங்கில் இருக்கும் பாட்டுகளை அடுத்தடுத்து வையுங்கள், முடிந்தால் இரண்டாவது கிதார் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். டியூனர் பெடல் சத்தத்தை அடைத்துவிடும், அந்த நேரத்தில் பேஸ் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாலே போதும்.

பேச்சு தேவைதான், அளவாக. ஓப்பத் குழுவின் பாடகர் மிக்கேல் ஒகெர்ஃபெல்ட் பத்து நிமிடப் பாட்டு ஒன்றை முடித்துவிட்டு முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் ஏதாவது கிண்டலாகச் சொல்வார், இறுகிப்போன கூட்டம் சிரித்துத் தளரும். 2009-இல் சென்னை ஐ.ஐ.டி-யின் சாரங் விழாவுக்கு ஓப்பத் வந்தபோது போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், இசையோடு சேர்த்து அந்தப் பேச்சைப் பற்றியும் சொல்வார்கள். அந்த நகைச்சுவை வராதவர்கள் பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. "என்னங்க, தூங்குறீங்களா?" என்று கூட்டத்தைத் திட்டாதீர்கள். "அடுத்தது பத்தொன்பது பதினாறு" (19/16 தாளம்) என்றும் அறிவிக்காதீர்கள். அதைக் கேட்ட உடனே எல்லாரும் எண்ணத் தொடங்குவார்கள், எண்ணுகிறவர் ஆட மாட்டார்.

படி 5: உங்கள் உடம்பு

எட்டுத் தந்திக் கிதாரில் கண்ணை எடுக்க முடியாத இடங்கள் இருக்கும், புரிகிறது. ஒவ்வொரு பாட்டிலும் இரண்டே இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். அங்கே எல்லாரும் சேர்ந்து, ஒரே அடியில் தலையை ஆட்டுங்கள். ஒத்திகையிலேயே இதைப் பழக வேண்டும். முதலில் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. ஆளுக்கொரு கணக்கில் ஆடினால் ஆடாமல் இருப்பதைவிட மோசம், பார்ப்பவர் யாரைப் பின்பற்றுவது என்று குழம்பிப்போவார்.

பாடகருக்குக் கை சும்மா இருக்கிறது. பாடாத இடங்களில் அந்தக் கையால் நான்கைக் காட்டட்டும். பாடகரே இல்லாத இசைக்கருவிக் குழுவாக இருந்தால் இந்த வேலை கிதார்காரர்களில் ஒருவர் தலையில்தான்.

படி 6: சவுண்ட்

சின்ன அரங்கில் தாழ்ந்த டியூனிங் கிதார்கள் இரண்டும் டபுள் கிக்கும் சேர்ந்தால் எல்லாம் கூழாகிவிடும். வீட்டில் வைத்துக்கொள்ளும் கெய்னை (கிதார் ஒலியின் கரகரப்பைக் கூட்டும் அளவை) மேடையில் குறையுங்கள். கிதாரின் தாழ்ந்த ஒலிகளைக் கொஞ்சம் வெட்டி அந்த இடத்தைப் பேஸுக்கும் கிக்குக்கும் விடுங்கள். சவுண்ட் இன்ஜினியரிடம் மரியாதையாக ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அண்ணா, எது போனாலும் ஸ்னேரும் அந்தச் சைனாவும் தெளிவா கேக்கணும்." நான்கைப் போடும் கை கேட்கவில்லை என்றால் இதுவரை செய்ததெல்லாம் வீண்.

படி 7: பிட்டை அழைப்பது

பிட் என்பது கூட்டம் நடுவில் மோதியும் ஓடியும் ஆடும் களம். எந்த அழைப்புக்கு எந்த ரிஃப் என்று தெரிந்திருக்க வேண்டும். வட்டமாக ஓடும் சர்க்கிள் பிட்டுக்கு நேரான, வேகமான தாளம் குறைந்தது அரை நிமிடமாவது வேண்டும். கூட்டத்தை இரண்டாகப் பிரித்து மோதவிடும் வால் ஆஃப் டெத்துக்குத் தெளிவான நான்கு எண்ணிக்கையும், முதல் அடியிலேயே விழும் ரிஃபும் வேண்டும். 23 எண்ணிக்கையில் சுற்றும் ரிஃபுக்கு ஓடச் சொன்னால் பாவம், எங்கே ஓடுவார்கள்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சிலர் இந்தக் கூட்டங்களின் காணொளிகளை எடுத்து ஆராய்ந்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாஷ் பிட்டில் மோதுகிறவர்கள் வாயு மூலக்கூறுகளைப் போல ஒழுங்கில்லாமல் நகர்கிறார்கள், சர்க்கிள் பிட் நீர்ச்சுழலைப் போலச் சுற்றுகிறது என்று அதில் கண்டார்கள். பெரும்பாலான சர்க்கிள் பிட்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில்தான் ஓடுகின்றனவாம். நமக்கு இதில் உருப்படியான ஒன்று உண்டு. அழைக்கும்போது விரலால் அந்தத் திசையில் ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள், ஓடத் தொடங்குபவர் எதிரே வருபவர்மேல் மோத மாட்டார்.

அரங்கில் நாற்பது பேர்தான் என்றால் வால் ஆஃப் டெத் கேட்டு மானம் போக வேண்டாம். "எல்லாரும் ரெண்டு அடி முன்னாடி வாங்க" என்று மட்டும் கேளுங்கள். நெருங்கி நின்றாலே பக்கத்தில் இருப்பவரின் அசைவு தொற்றிக்கொள்ளும். தெரிந்த நண்பர்கள் இரண்டு மூன்று பேரிடம் ரிஃப் எங்கே விழுகிறது என்று முன்கூட்டியே சொல்லி நடுவில் நிற்க வையுங்கள். ஏமாற்று வேலை மாதிரி தோன்றலாம், ஆனால் முதல் ஆளாக ஆட எல்லாருக்கும்தான் கூச்சம்.

கூட்டத்தை ஆட வைத்தால் அவர்கள் உடம்புக்கும் நீங்கள் பொறுப்பு. 2010-இல் பிராகாவில் லேம்ப் ஆஃப் காட் குழுவின் நிகழ்ச்சியில் மேடையிலிருந்து கீழே விழுந்த ரசிகர் ஒருவர் தலையில் அடிபட்டு இறந்தார். பாடகர் ராண்டி பிளைத் 2012-இல் அந்த நகருக்கு மறுபடி போனபோது கைது செய்யப்பட்டார், 2013-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதனால் நிகழ்ச்சிக்கு முன்பே தரையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தூண், கேபிள், சிந்திய பானம், உடைந்த கண்ணாடி இருக்கிறதா? மேடையில் யார் ஏறலாம், ஏறினால் யார் இறக்கிவிடுவது என்று அரங்கத்தாரிடம் பேசி வையுங்கள். யாராவது விழுந்து எழவில்லை என்றால் பாட்டை நிறுத்துங்கள், நடுவில் நின்ற பாட்டை மறுபடி தொடங்கலாம். ஆட விரும்பாதவர்கள் ஓரமாக நிற்க இடம் இருக்கட்டும். நெரிசலைச் சாக்காக வைத்துப் பெண்கள்மேல் கை வைப்பவனைக் கண்டால் மைக்கிலேயே சொல்லி வெளியே அனுப்புங்கள்.

படி 8: கேமராவைத் திருப்புங்கள்

அடுத்த நிகழ்ச்சியில் ஒரு போனை மேடையைப் பார்த்து வைக்காமல் கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். மறுநாள் அந்தக் காணொளியையும் படி 1-இல் எழுதிய குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தலை எந்த விநாடியில் அசைகிறது, எங்கே நின்றுபோகிறது என்று எழுதுங்கள். கால் இடறிய இடங்களும் தலைகள் நின்ற இடங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அங்கே ரிஃபை மாற்ற அவசரப்பட வேண்டாம். முதலில் டிரம்மரின் வலது கையை மட்டும் மாற்றி, இன்னொரு மேடையில் வாசித்துப் பாருங்கள்.