டைமிங் பெல்ட் மாற்றினால், கவர் போடும் முன் டைட் பாருங்கள்

கிராங்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இணைக்கிற டைமிங் பெல்ட்டை மாட்டி, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் போல்ட்டை முறுக்கிய கையோடு கவரை மூடிவிடுகிற பழக்கம் பட்டறைகளில் நிறைய. என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு அடிக்கடி சொல்வது இது: மாட்டியவுடன் தெரிகிற டைட்டை நம்பாதே. எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிய பிறகு இருப்பதுதான் கணக்கு.

பழைய மாருதி 800, ஆம்னியை வைத்துச் சொல்கிறேன். இதில் ஸ்பிரிங் வைத்த டென்ஷனர். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ஹெட்டும் பிளாக்கும் விரிந்து புல்லிகளுக்கு நடுவே தூரம் கூடும், லூஸான பெல்ட்கூட டைட்டாகத் தெரியும். பேட்டரி வயரைக் கழற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். கம்ப்ரஷன் இல்லாவிட்டால் கைக்கு லேசாக இருக்கும்.

டென்ஷனரை இறுக்காமல் ஸ்பிரிங்கின் போக்கில் விட்டு, கிராங்க் போல்ட்டில் ராட்செட் போட்டு, எஞ்சின் ஓடுகிற திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். செல்ஃப் அடிக்க வேண்டாம். கிராங்க் இரண்டு சுற்று வந்தால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும், இரண்டின் புல்லிகளிலும் இருக்கும் டைமிங் மார்க்குகளும் திரும்ப நேருக்கு வரும். நடுவில் வால்வு ஸ்பிரிங் கேமைத் தள்ளுவதால் ராட்செட்டில் ஒரு துள்ளல் வரும், அது சகஜம். கெட்டியாக முட்டி நின்றால் மட்டும் அங்கேயே நிறுத்தி மார்க்கை முதலிலிருந்து பாருங்கள். பலம் கொடுத்தால் வால்வு வளையலாம். மார்க்கைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள், தொய்வு டென்ஷனர் இல்லாத பக்கம் போய்விடும். இன்னும் இரண்டு சுற்று முன்னாலேயே போங்கள்.

மார்க் சரியாக நின்றதும் டென்ஷனரை மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். அப்புறம் விரல் வேலை. டென்ஷனரின் ரோலர் படாத நீளப் பக்கத்தின் நடுவில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பெல்ட்டைப் பிடித்துத் திருகுங்கள். கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால் 90 டிகிரி வரை திரும்ப வேண்டும். சும்மா தொட்டதற்கே அதைத் தாண்டினால் லூஸ். பாதியிலேயே அடம்பிடித்தால் டைட் அதிகம், ரோலர் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

இந்த விரல் கணக்கை எல்லா வண்டியிலும் போடாதீர்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா டீசல்களில் டென்ஷனரிலேயே முள் இருக்கிறது. இரண்டு சுற்றுக்குப் பிறகும் முள் அதற்குரிய வெட்டுக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்தால் போதும், விலகியிருந்தால் மறுபடி செட் பண்ண வேண்டும். இன்னோவா 2.5 டீசலில் இருப்பது போன்ற ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) டென்ஷனரில் திருகிப் பார்ப்பதே வீண். ராடைச் சுற்றி எண்ணெய் கசிந்திருந்தால் யோசிக்காமல் டென்ஷனரை மாற்றுங்கள். பெல்ட் மட்டும் புதிதாக இருந்து பயனில்லை.

கவர் போட்டு ஸ்டார்ட் செய்ததும் காது கொடுங்கள். ஆக்சிலரேட்டர் ஏற ஏற ஊளைச் சத்தம் கூடினால் பெரும்பாலும் ஓவர் டைட். கவருக்குள் பட்பட்டென்று அடித்தால் தொய்வு, அப்படியே ஓட்டினால் பெல்ட் புல்லியில் பல் தாண்டிவிடும். இரண்டில் எது கேட்டாலும் உடனே ஆஃப் செய்து, எஞ்சின் ஆறியதும் மறுபடி கவரைத் திறக்க வேண்டியதுதான்.